எலி கடித்த தோல் வார்

பதினோரு பொறி வைத்தாயிற்று. ஒன்பது மாதமாக அந்தப் பதினோரு பொறியிலும் ஒரு எலி, ஒரு குஞ்சு, ஒரு வால் நுனிகூட விழவில்லை. உள்ளே வைத்த வேர்க்கடலை வைத்த இடத்திலேயே காய்ந்து சுருங்கி, எறும்புகூடச் சீண்டாத பண்டமாகிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை பல் டாக்டர் காரின் பின்கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஏறும்போது பிடித்துக்கொள்வதற்காகக் கதவோரம் தொங்கும் தோல் வாரில் புதிதாக ஒரு கடி இருந்தது.

புதுக் கடி எது, பழைய கடி எது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழையதின் ஓரம் கறுத்து மழுங்கியிருக்கும். இதன் ஓரம் வெளிறி, இன்னும் ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் ஈரம் போனது போல் இல்லை.

"சனியனே," என்றார். எலியைத்தான்.

எலி என்றால் அவருக்குக் கேவலம். எலி மட்டும் என்ன, யார்தான் கேவலமில்லை? முப்பது வருடமாக மனித குலத்தைத் திறந்த வாய் வழியாகவே பார்த்து வந்தவர் அவர். அப்படி உள்ளே பார்த்த எதுவும் அவருக்கு மனிதர்கள் மேல் மரியாதையை உண்டாக்கவில்லை. எந்தப் பெரிய மனிதனாக இருந்தாலும் நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தால் சொத்தையும் நாற்றமும்தான். உலகத்தில் அவருக்குப் பிடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள். அப்படிப்பட்டவர்கள் பல் டாக்டரைத் தேடி வருவதில்லை என்பது வேறு விஷயம்.

கார் கொட்டகை அவருடைய கிளினிக்கை ஒட்டி, ஒரே ஒரு சுவர் தள்ளி இருந்தது. மேலே தகரக் கூரை, முன்னால் இழுத்துச் சாத்தும் இரும்புக் கதவு. அறுபது வயதைத் தாண்டிய அந்தக் கரும்பச்சை நிறக் கார் உள்ளே நோயாளி மாதிரி படுத்துக் கிடந்தது. சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் அடைத்திருந்தது. காற்று இழுக்கும் துவாரத்தில் கம்பி வலை. சீட்டுகளின் அடியில் அந்துருண்டை. நான்கு சக்கரத்தையும் சுற்றிப் புதினா எண்ணெயில் நனைத்த பஞ்சு. இரும்புக் கதவின் அடியில் ரப்பர் பட்டை, உள்பக்கம் முழுக்கப் பஞ்சு அட்டை. பேட்டரியைக்கூடக் கழற்றிச் சுவரோரப் பலகையில் வைத்திருந்தார். உள்ளே நுழைந்தால் புதினாவும் அந்துருண்டையும் மூக்கில் ஏறி, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒரு வாசனை, பழைய பெட்ரோலும் தலை எண்ணெயும் வியர்வையும் கலந்த ஒன்று, லேசாக வந்து போகும். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடிப் பார்த்ததில்லை. தேடவும் மாட்டார்.

இந்த அடைப்பு வேலையெல்லாம் செய்து கொடுத்தது பழைய கார் மெக்கானிக். ஒல்லியாக, ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பவன். டாக்டர் அவனுக்கு வைத்த பெயர் கொசு. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார். அவனும் சிரித்துக்கொண்டே 'சொல்லுங்க சார்' என்பான். அது அவருக்கு இன்னும் இளக்காரமாக இருக்கும்.

அன்றைக்கும் அவன்தான் வந்து நின்றான். வாரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இங்க எலியே இல்ல சார்."

"அப்ப இது என்ன, நான் கடிச்சதா?"

"அய்யோ, அப்படிச் சொல்லல சார். எலின்னா புழுக்கை இருக்கணும். மூத்திர நாத்தம் அடிக்கணும். சீட்டுப் பஞ்சைப் பிடுங்கிக் கூடு கட்டணும், ஒயரைக் கடிக்கணும். இது என்னடான்னா வேற எதையும் தொடாம இந்த ஒரே ஒரு வாரை மட்டும் கடிச்சுட்டு இருக்கு. நான் முப்பது பழைய வண்டி பாத்திருக்கேன், இப்படி ஒழுக்கமான எலியப் பாத்ததில்ல."

"நீ என்ன எலிக்கு வக்கீலா? வந்த வேலையப் பாருடா."

கொசு வந்த வேலை வேறு. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். கதவுகளின் உள்கைப்பிடிகளையும் கண்ணாடி ஏற்றி இறக்கும் பிடிகளையும் கழற்றிப் பளபளப்பேற்றிக் கொண்டுவர வேண்டும். முன்கதவு இரண்டிலும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் வந்தவன் நின்றான்.

"பின்கதவு ரெண்டுலயும் பிடியே இல்லையே சார்? யாரு கழட்டினா?"

"கிளினிக் டிராயர்ல கிடக்கு. எடுத்துத் தரேன்."

"எதுக்கு சார் அத மட்டும் கழட்டி..."

"கேள்வி கேக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேனா?"

கொசு வாயை மூடிக்கொண்டான். போகும்போது மட்டும் திரும்பி நின்று சொன்னான்: "தரையில கொஞ்சம் மாவு தூவி வைங்க சார். எலியோ என்னமோ, நடந்தா தடம் தெரியும். இன்னொண்ணு. பிடி இல்லாத நேரத்துல உள்ள உக்காந்து கதவைச் சாத்திடாதீங்க. சாத்திட்டீங்கன்னா உள்ளேருந்து திறக்கவே முடியாது."

டாக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் என்ன பால்குடி மறக்காத குழந்தையா? போடா."

அந்தக் கார் ஒரு காலத்தில் டாக்சி. இந்த விஷயம் ஊர்வலத்துக்கு வரும் பெரிய மனிதர்கள் யாருக்கும் தெரியாது. 'எங்க குடும்பக் கார்' என்றுதான் டாக்டர் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். டாக்டருடைய அப்பா நாற்பது வருடம் அதை ஓட்டித்தான் மகனைப் பல் மருத்துவம் படிக்க வைத்தார். மீட்டர் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் இருந்தன. டாக்டர் அவற்றை மெழுகு வைத்து அடைத்து, மேலே வண்ணம் பூசி, அப்பாவின் நாற்பது வருடத்தையும் ஒரு மத்தியான வேளையில் மறைத்துவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி பேச்சை எடுத்தாள். நூலகத்தில் வேலை பார்ப்பவள். அநாவசியமாகக் குரலை உயர்த்த மாட்டாள். உயர்த்தாமலே குத்துவாள்.

"ஞாயித்துக்கிழமை மாமா போட்டோவை முன்சீட்டுல வைக்கலாம்னு இருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் சட்டம் போட்டு வாங்கிட்டு வரேன்."

"போட்டோ எல்லாம் எதுக்கு? பாக்க அசிங்கமா இருக்கும்."

"எதுங்க அசிங்கம்? போட்டோவா, மாமாவா?"

அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

"நான் பின்சீட்டுல உக்காந்து வரேன். எலி அந்த வாரைக் கடிச்சுதுன்னு சொன்னீங்களே, மாத்தியாச்சா?"

"மாத்திடுவேன்."

"எந்த எலியோ! ஒன்பது மாசமா இந்த வீட்ல நான் ஒரு எலியக் கண்ணால பாக்கல. மாமா போன அன்னியிலேருந்துதான் நீங்க எலி எலின்னு அலையறீங்க. அவர் இருந்தப்ப அவரை இப்படி விழுந்து விழுந்து கவனிச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

தண்ணீர் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை இவள் அந்தப் பின்கதவைத் திறப்பாள். ஏறுவதற்கு அந்த வாரைப் பிடிப்பாள். கையில் தட்டுப்பட்டதும் குனிந்து பார்ப்பாள். இரண்டு வருடம் தினமும் ராத்திரி மாமனாரின் பல் செட்டைக் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு வைத்தவள் இவள்தான். அதன் வளைவும் வரிசையும் இவளுக்கு மனப்பாடம். பார்த்தால் அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. அந்த வாரை அதற்குள் ஒழித்துக்கட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கொட்டகைத் தரையில் மாவு தூவினார். கொசு சொன்னதைச் செய்கிறோமே என்று எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் சல்லடையில் சலித்து, சக்கரத்தைச் சுற்றி, கதவுகளின் கீழே, ஓர் அங்குலம் விடாமல் தூவினார். புதன்கிழமை காலை மாவு தூவியது தூவியபடியே இருந்தது. ஒரு நகக்கீறல் இல்லை, ஒரு வால் இழுத்த கோடு இல்லை. பின்கதவைத் திறந்தார். வாரில் இன்னொரு கடி இருந்தது. அவர் வெளியே வந்து வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு அந்தச் சத்தமும் வந்தது. நாற்காலியில் ஒரு ஆள் வாயைப் பிளந்து கிடந்தான். டாக்டர் துளைக்கும் கருவியை நிறுத்திவிட்டு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்தார். சுவருக்கு அப்பாலிருந்து கர்... கர்... என்று, தோலும் இரும்பும் உரசுவது மாதிரி, நிதானமாக, விட்டுவிட்டு. நாற்காலியில் கிடந்தவன் கண்ணை உருட்டிச் சுவரைப் பார்த்தான். கிளினிக்கில் கூடமாட வேலை செய்யும் நர்ஸ் பஞ்சும் கையுமாக நின்றுவிட்டாள்.

"என்ன சார் சத்தம்?"

"எலி," என்றார் டாக்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. இதே நாற்காலி. இதே ஒன்றரை மணி. இதே கேள்வி, இதே நர்ஸ். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவர் சொன்னதும் இதே பதில். கண்ணாடி அவர் கையிலிருந்து நழுவி நோயாளியின் மார்பில் விழுந்தது. மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லாததால் எடுத்துத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வியாழக்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். பல் டாக்டரைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் வாரை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இவருக்குத் தொழில் திமிர். இது எலிக் கடிதான் என்று தனக்குத்தானே நிரூபித்துவிட்டால் போதும் என்று நினைத்தார். பல் அச்செடுக்கும் பசையைக் கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுபோய், ஈரம் காயாத அந்தக் கடியின் மேல் அப்பி, விரலால் அழுத்திக்கொண்டு ஐந்து நிமிடம் பின்சீட்டோரம் குந்தியிருந்தார். பசை குளிர்ந்து இறுகியது. உரித்தெடுத்து, கிளினிக்கில் விளக்கின் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார்.

எலிக்கு முன்னால் இரண்டு உளிப் பற்கள். கடித்தால் இரண்டு மெல்லிய கோடு விழும். பசையில் இருந்தது கோடு இல்லை. ஒரு வளைவு. முன்பற்கள் நான்கு, இரண்டு பக்கமும் கோரைப் பல், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. இடப்பக்க இரண்டாவது பல் மட்டும் இம்மி அளவு திரும்பியிருந்தது. செட்டு வைத்தது தெரியாமல் சொந்தப் பல் மாதிரி இருக்கட்டும் என்று, அவரே தம் கையால் அப்படித் திருப்பிப் பொருத்திய பல் அது. அதைச் செய்த நாளில் தம் கைவேலையை நினைத்து அவருக்கு எவ்வளவு பெருமை! அப்பா கண்ணாடியைப் பார்த்து இளித்து, 'நல்லா இருக்குடா தம்பி' என்றார்.

பசையைக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினார். வெட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த விஷயம் இவ்வளவுதான். அப்பாவுக்கு வயதாகிப் புத்தி குழம்பிவிட்டது. எந்நேரமும் போய்க் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஹார்ன் அடிப்பார். கிளினிக்குக்கு வருகிறவர்களை நிறுத்தி, 'எங்க சார் போகணும்?' என்று கேட்பார். சட்டையும் கோட்டும் போட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். டாக்டருக்கு மானம் போகும். பேட்டரியைக் கழற்றினார், ஹார்ன் நின்றது. கிழவர் தெருவுக்குப் போய்ச் சவாரி தேட ஆரம்பித்தார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் டாக்டர். பின்கதவு இரண்டிலும் உள்பிடியைக் கழற்றி, மனைவி வேலைக்குப் போன பிறகு கிழவரைப் பின்சீட்டில் உட்கார வைத்து, சத்தம் வெளியே போகாமல் கண்ணாடிகளை ஏற்றி, ஏற்றும் பிடியையும் எடுத்துக்கொண்டு சாத்திவிடுவார். முன்சீட்டின் உயரமான முதுகைத் தாண்டிப் போகக் கிழவருக்கு உடம்பு வளையாது. 'அரை மணி நேரம் உக்காருங்க, ஆள் வரும்' என்பார். அப்பா தலையாட்டுவார். அவருக்குத்தான் பிடித்த இடமாயிற்றே, இதில் என்ன கெட்டுப்போயிற்று?

அன்றைக்கு நோயாளி கூட்டம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக வேர்ச் சிகிச்சை. ஒன்றரை மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கர்... கர்... என்று சத்தம் கேட்டது. எலி என்று சொன்னார். பிறகு சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, நாசமாய்ப் போக, கொஞ்சம் கண்ணயர்ந்தார். மூன்று மணிக்குப் போய்க் கதவைத் திறந்தபோது தகரக் கூரையின் கீழே, ஏற்றிய கண்ணாடிக்குள்ளே, உலையைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. அப்பா கதவோடு கதவாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பல் செட்டு வாயில் இல்லை. அது தோல் வாரைக் கவ்வியபடி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைப் பிடுங்கி, பழகிய விரலால் அப்பாவின் வாய்க்குள் பொருத்தி, தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார். மின்விசிறியைப் போட்டார். நான்கு மணிக்கு மனைவி வந்து பார்த்து அலறினாள். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். நல்ல சாவு என்று பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. அந்தப் பல் செட்டும் அப்பாவோடேயே போய்விட்டது.

வாரைக் கடித்தது எலி என்று அந்த வாரமே சொன்னார். ஒன்றைச் சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி நடக்க வேண்டுமே? பொறி வந்தது, வலை வந்தது, புதினா எண்ணெய் வந்தது. 'புத்தி கெட்ட கிழம், வெறி பிடிச்சுத் தோலை மென்றிருக்கு' என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்தால் தூக்கம் வந்தது.

சனிக்கிழமை கிளினிக் ஒரு மணியோடு சரி. நர்ஸ் போய்விட்டாள். மனைவி போட்டோக் கடைக்குப் போயிருந்தாள். டாக்டர் ஒரு அட்டையில் பெரிதாக எழுதினார்: 'எலி மருந்து வைத்திருக்கிறது. திறக்காதே.' மனைவி பாதியில் வந்து எட்டிப் பார்த்துவிடக் கூடாது. அட்டையைக் கொட்டகை வாசலில் மாட்டி, உள்ளே போய், இரும்புக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். செல்போனைக் கிளினிக்கிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் டார்ச், கத்தி, புதுத் தோல் வார், தடித்த ஊசி நூல். பத்து நிமிட வேலை.

பின்கதவை விரியத் திறந்து, அது நகராமல் அடியில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்தார். காலால் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. கொசு சொன்னது நினைவுக்கு வந்து உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தார். டார்ச்சைச் சீட்டில் வைத்தார். தகரக் கூரை வெயிலில் டப் டப் என்று விரிந்துகொண்டிருந்தது. புதினா வாசனையைக் காணோம். பெட்ரோல், தலை எண்ணெய், வியர்வை. மூக்கைச் சுளித்துக்கொண்டு வாரை அடியோடு அறுத்தெடுத்தார். ஒரு முழ நீளம். நுனி ஈரமாக, கனமாக இருந்தது.

கர்.

கை நின்றது.

கர்... கர்... சத்தம் காலுக்குக் கீழேயிருந்து வந்தது. கதவின் அடியிலிருந்து. டார்ச்சை எடுத்துக் குனிந்தார். முட்டுக்கொடுத்த மரக்கட்டையின் நடுவில் பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது. சுற்றிலும் மாவு. மாவில் அவருடைய காலடியைத் தவிர வேறு ஒரு தடமும் இல்லை.

கட்டை இரண்டாக ஒடிந்தது. கதவு மெதுவாக, மரியாதையாக, டாக்சியில் ஏறிய ஆளுக்கு டிரைவர் சாத்திவிடுவது மாதிரி வந்து சாத்திக்கொண்டது.

"ஏய்!" என்றார். யாரைப் பார்த்து என்று அவருக்கே தெரியவில்லை.

தோளால் மோதினார். கதவு அசையவில்லை. கைப்பிடி இருந்த இடத்தைத் தடவினார். சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சதுரமாய் ஒரு இரும்புத் தண்டு. விரலால் பிடித்துத் திருகினார். வியர்வையில் வழுக்கியது. அந்தப் பக்கக் கதவு. அதுவும் அப்படியே. முன்சீட்டின் மேல் எக்கி விழுந்து ஹார்னை அழுத்தினார். பேட்டரி சுவரோரம் பலகையில் இருந்தது. கண்ணாடி வழியே அவருக்கு அது நன்றாகத் தெரிந்தது. முன்கதவு இரண்டையும் தடவிப் பார்த்தார். அங்கேயும் தண்டுதான், பிடிகள் கொசுவின் பையில். டார்ச்சால் கண்ணாடியை ஓங்கி அடித்தார். டார்ச்தான் கையை விட்டுத் தெறித்துச் சீட்டுக்குக் கீழே உருண்டது. அந்தக் காலத்துக் கண்ணாடி.

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கத்தினார், தொண்டை கமறும் வரை கத்தினார். பஞ்சு அட்டையும் ரப்பர் பட்டையும் அந்தச் சத்தத்தைக் குடித்துவிட்டன. நல்ல வேலைக்காரன் கொசு. ஒரு ஓட்டை விடவில்லை.

பிறகு, எவ்வளவு நேரம் கழித்தோ, வெளியே பேச்சுக்குரல்.

"பிடியெல்லாம் பாலிஷ் போட்டுக் கொண்டாந்துட்டேன் அக்கா. சார் எங்க?"

"தெரியலையே. போன் பண்ணினா உள்ள கிளினிக்ல அடிக்குது. அசந்து தூங்கறார் போல."

டாக்டர் தொண்டையைத் திறந்தார். காற்றுதான் வந்தது. நகத்தால் கதவின் இரும்பைப் பிறாண்டினார். கத்தலைக் குடித்த பஞ்சு அட்டை, என்னவோ, இதை மட்டும் வெளியே விட்டது. கர், கர், கர்.

வெளியே கொசு குரலைத் தாழ்த்தினான்:

"அக்கா, கேக்குதா? உள்ள ஏதோ பிறாண்டுது."

"ஆமா. அடக் கடவுளே, எலி இருக்கத்தான் இருக்கு! நான்தான் அந்த மனுஷன நம்பாம போனேன்."

"திறந்து பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம், இதப் பாருங்க, மருந்து வெச்சிருக்குன்னு எழுதி மாட்டியிருக்கார். தொறந்தா கத்துவார். கிடந்து சாகட்டும்."

"சரிக்கா. நாளைக்குக் காலைல வந்து மாட்டித் தரேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்தது. கேட் சாத்தும் ஒலி. அப்புறம் ஒன்றுமில்லை.

அழுதார். வெட்கமில்லாமல் அழுதார். அழுதுகொண்டே இரும்புத் தண்டைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். வழுக்கியது. வெறும் விரலுக்கு அது அகப்படாது. ஏதாவது சுற்றிப் பிடிக்க வேண்டும். கத்தி முனை சறுக்கியது. துணி நழுவியது. தோல்தான் பிடிக்கும். அறுத்த வாரை எடுத்துத் தண்டில் சுற்றினார். கை நடுங்கியது. பிடி நிற்கவில்லை. நடுங்கும் கையில் நிற்காது. பல்லால்தான் முடியும். பல்லால் கவ்வி, தலையைத் திருப்பினால், தண்டும் திரும்பும்.

குனிந்து கவ்வினார்.

அவருடைய பற்கள் தோலில் ஏற்கெனவே இருந்த பள்ளங்களில் போய் உட்கார்ந்திருந்தன.

வெறி இல்லை. புத்தி கெட்டு மெல்லவில்லை. நாற்பது வருடம் அந்த வண்டியோடு வாழ்ந்த டிரைவர். எதை எதில் சுற்றினால் திறக்கும் என்று தெரிந்த ஆள். நடுங்கும் கைக்குப் பதிலாகப் பல்லைக் கொடுத்து, மகன் செய்து கொடுத்த பல்லைக் கொடுத்து, திருப்பிப் பார்த்திருக்கிறார். மறுபடி. மறுபடி. ஒன்றரை மணிக்கு. சுவருக்கு இந்தப் பக்கம்.

"அப்பா," என்றார் வாரைக் கடித்தபடியே. வாழ்நாளில் முதல் தடவையாக இளக்காரம் இல்லாமல்.

தலையைத் திருப்பினார். தண்டு இம்மி அசைந்தது. ஆம், அசைந்தது. இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பு புடைக்கத் திருப்பினார். உள்ளே எங்கோ ஒரு இரும்பு நாக்கு நகரும் ஓசை.

முன்சீட்டில் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ நிதானமாக உட்கார்ந்த மாதிரி.

பல்லை விடவில்லை. விட்டால் போயிற்று. கண்ணை மட்டும் திருப்பினார். சீட்டுக்கு அடியிலிருந்து டார்ச் வெளிச்சம் மேல்நோக்கி விழுந்தது. டிரைவர் சீட்டில் யாரும் இல்லை. தண்டில் சுற்றியது போக மிச்சமிருந்த வார் அவர் தோள்மேல் தொங்கிக் கிடந்தது.

அது மெல்ல எழுந்தது.

தோளை விட்டு எழுந்து, முன்சீட்டை நோக்கி, அந்தரத்தில் நேராக, விறைப்பாக நீண்டது. தண்டில் சுற்றியிருந்த தோல் ஒரு சுற்று அவிழ்ந்தது. அவர் பல்லை இறுக்கினார். அந்தப் பக்கமும் இறுகியது.

வாரின் மறுநுனியில், வெற்று வெளியில், தோல் அமுங்கியது. ஒரு பள்ளம். பக்கத்தில் இன்னொன்று. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வளைவாக விழுந்துகொண்டே போயின. கடைசியாக, இடப்பக்கத்து இரண்டாவது பல்லின் தடம், இம்மி திரும்பியபடி பதிந்தது.